தீக்குச்சி முதல் ட்ரோன் வரை

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வெளிநாட்டில் செய்த ட்ரோன்களை (ஆளில்லாமல் பறக்கும் குட்டி விமானங்கள்) இனி இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்பதுதான் அதன் சாரம். முழுசாகப் பூட்டி வந்தாலும் சரி, பாதி பூட்டி வந்தாலும் சரி, அக்கக்காகக் கழற்றிப் பெட்டியில் அடைத்து வந்தாலும் சரி, தடைதான். ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு மட்டும் தனி அனுமதியோடு விலக்கு உண்டு. பத்திரிகைகள் இதைத்தான் தலைப்பாகப் போட்டன. ஆனால் அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. ட்ரோனின் உதிரி பாகங்களை இறக்குமதி செய்ய எந்த அனுமதியும் தேவையில்லை!

இட்லிக்குத் தடை, மாவுக்குத் தடை இல்லை என்பது போலத்தான். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு தொழிலே இல்லாத நாட்டில் அதைத் தொடங்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேட டெல்லி வரை போக வேண்டியதில்லை. நூறு வருடங்களுக்கு முன்பே இதே நாடகம், இதே காட்சிகளோடு, விருதுநகர் மாவட்டத்து வானம் பார்த்த பூமியில் நடந்து முடிந்திருக்கிறது.

ஆலங்குளம் என்றதும் பலருக்குத் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். ஒரு பக்கம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். இன்னொரு பக்கம் சிவகாசி, வெம்பக்கோட்டை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் 'ஆபீசுக்குப் போறேன்' என்று ஒருவர் சொன்னால் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பேனா பிடிக்கும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. தீப்பெட்டி ஆபீஸ், இல்லையென்றால் பட்டாசு ஆபீஸ். தொழிற்சாலைக்கு இங்கே அதுதான் பெயர். அந்த ஆபீஸ்கள் இங்கே வந்த கதை ஒரு இறக்குமதி வரியில் தொடங்குகிறது.

முதல் உலகப் போருக்கு முன்னால் இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பாலானவை சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. போர் மூண்டு சுவீடன் கப்பல்கள் நின்றுபோனபோது ஜப்பான் சரக்குதான் சந்தையை நிறைத்தது. கல்கத்தாவில் குடியேறியிருந்த சில ஜப்பானியக் குடும்பங்கள் சின்னச் சின்ன இயந்திரங்களை வைத்துத் தீப்பெட்டி செய்துகொண்டிருந்தன. அவர்களிடமிருந்து வங்காளிகள் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சிறு பட்டறைகளால் நாட்டின் தேவையில் ஒரு துளியைத்தான் நிரப்ப முடிந்தது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் இந்திய அரசின் கஜானாவில் பற்றாக்குறை. 1922ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிகள் மீதான வரி ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. கணக்குப் போட்டால் பெட்டிக்கு இரண்டு தம்பிடி. இன்றைக்கு இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் சரக்கு வந்து இறங்கும் விலையோடு ஒப்பிட்டால் அது நூறு சதவீதத்துக்கும் மேற்பட்ட வரி! உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அதற்குக் காரணமில்லை. பணம் வேண்டியிருந்தது, போட்டார்கள். அவ்வளவுதான்.

அதே 1922ல்தான் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். மழை இல்லை, ஆறு இல்லை, விவசாயத்தை நம்பினால் வயிறு நிறையாத ஊர். கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923ல் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்துத் தொழில் தொடங்கினார்கள். இயந்திரம் கட்டுப்படியாகவில்லை. பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது: இங்கே மலிவாகக் கிடைப்பது மனிதக் கை. குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டி ஒட்டுவது, சீட்டு ஒட்டுவது என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கையாலேயே செய்யும் முறைக்கு மாறினார்கள். சில வருடங்களில் இருவரும் தனித்தனியாகத் தொழில் நடத்தத் தொடங்கினார்கள். ஒருவர் 'அணில்', மற்றவர் 'காக்கா'. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் அல்லவா!

இனிதான் ட்ரோன் கதைக்கு மிக நெருக்கமான பகுதி வருகிறது. 1922 வரி, முழுத் தீப்பெட்டி மீதுதான் இருந்தது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மருந்து முக்காத வெறும் குச்சிகளையும் பெட்டி செய்வதற்கான மெல்லிய மரச் சீவல்களையும் வெளிநாட்டிலிருந்து இறக்கினார்கள். இங்கே மருந்தில் முக்கி, பெட்டியை மடித்து, சீட்டை ஒட்டினால் உள்நாட்டுத் தீப்பெட்டி தயார். ஒன்றரை ரூபாய் வரி மிச்சம். இப்படி முளைத்த 'தொழிற்சாலைகள்' பல. இரண்டே வருடத்தில் அரசு விழித்துக்கொண்டு, 1924ல் அந்தக் குச்சிகளுக்கும் சீவல்களுக்கும் தனியாக வரி போட்டது. அதன் பிறகுதான் இந்திய மரத்தில் குச்சி சீவும் வேலை மும்முரமானது.

1922ல் முழுச் சரக்கு, 1924ல் உதிரி. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வரிச்சுவர் எழுந்ததும் வெளிநாட்டுக்காரன் ஓடிப்போய்விடுவான் என்று நினைப்பதும் தவறு. சுவீடன் தீப்பெட்டிக் கம்பெனியின் தலைவர் இவார் குரூகர் அப்போது உலகத்துக்கே 'தீப்பெட்டி ராஜா'. கடனில் தத்தளித்த அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, அந்தந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை எழுதி வாங்கிக்கொண்ட மனிதர். (1932ல் கணக்கெல்லாம் குளறுபடியாகி பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார், அது தனிக் கதை.) அவருடைய கம்பெனி வரிச்சுவரைத் தாண்டி உள்ளே குதித்தது. 1923ல் 'விம்கோ' என்ற பெயரில் இந்தியாவிலேயே நிறுவனம் தொடங்கியது. பம்பாய் அருகே அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, நம்ம திருவொற்றியூர் என்று ஆலைகளாக எழுப்பியது. திருவொற்றியூர் விம்கோ ஆலையின் பெயர் இன்றும் ரயில் நிலையத்திலும் மெட்ரோ நிலையத்திலும் 'விம்கோ நகர்' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, சிவகாசிக்காரர்களின் உண்மையான போட்டியாளர் கடலுக்கு அப்பால் இல்லை, உள்ளூரிலேயே இருந்தார். சுவீடன் முதலாளி, சுவீடன் இயந்திரம், ஆனால் சட்டப்படி இந்தியத் தயாரிப்பு. 1928ல் சுங்கவரி வாரியம் இதையெல்லாம் விசாரித்து, வருமானத்துக்காகப் போட்ட வரியையே தொழில் பாதுகாப்புக்கான வரியாகத் தொடரும்படி பரிந்துரைத்தது. அதற்கென்று அதே வருடம் சட்டமும் வந்தது. 1934ல் உள்நாட்டுத் தீப்பெட்டி மீதும் கலால் வரி விழுந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசுகள், கையால் செய்யும் சிறு ஆபீஸ்களுக்குக் கலால் வரியைக் குறைத்து, இயந்திர ஆலைக்கு அதிகமாகப் போட்டன. சிறுதொழில்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பொருட்களின் பட்டியலிலும் தீப்பெட்டி சேர்ந்தது. அந்தப் பட்டியலில் கடைசியாக மிச்சமிருந்த 20 பொருட்களோடு தீப்பெட்டி விடுபட்டது 2015ல்தான். அதற்குப் பத்து வருடம் முன்னாடியே, 2005ல், சுவீடன்காரர்கள் விம்கோவை ஐ.டி.சி. குழுமத்துக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

இறக்குமதி வரி கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே நடந்து போகவைத்தது, அதைத் தொடர்ந்து அறுபது எழுபது வருடம் கைவிடாமல் வந்த சின்னச் சின்ன ஏற்பாடுகள். தீப்பெட்டிச் சீட்டு அச்சடிக்க வந்த அச்சகங்கள் பிறகு நாடு முழுவதுக்கும் காலண்டர் அடித்தன. கலர் மத்தாப்புக் குச்சியிலிருந்து பட்டாசு பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வாணங்கள் வராமல் போகவே, 1940ல் வந்த வெடிபொருள் விதிகளின்படி உரிமம் வாங்கிச் சிவகாசியில் பட்டாசு ஆபீஸ்கள் எழுந்தன. 'குட்டி ஜப்பான்' என்று நேரு பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். ஜப்பான் தீப்பெட்டிக்கு வரி போட்டதால் பிழைத்த ஊருக்கு ஜப்பான் பெயர்!

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் அது பொய்க்கதை. 'மலிவான கை' என்று மேலே சொல்லப்பட்டதல்லவா, அதில் பெரும்பகுதி குழந்தைகளின் கை. விடியுமுன் வீட்டு வாசலில் பஸ் வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தில் ஏறும் பிள்ளைகள் கட்டை அடுக்கிவிட்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும். இயந்திரத்தோடு போட்டி போட்டு இந்தத் தொழில் ஜெயித்ததற்கு அந்தப் பிள்ளைகளின் கூலிதான் ஒரு முக்கியக் காரணம் என்பதை ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். 1990ல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் இதை வெளியுலகத்துக்குக் காட்டியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருக்கும் முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் மறுவாழ்வு நிதியில் கட்ட வேண்டும் என்றது. உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது பற்றிய பேச்சில் இந்தக் கணக்கு மட்டும் எப்போதும் அடிக்குறிப்பாகப் போய்விடுகிறது.

இதே ஊர்களில் இந்த நாடகம் அண்மையில் இன்னொரு தடவை நடந்தது. இந்த முறை வில்லன் சீனாவிலிருந்து வந்த பிளாஸ்டிக் லைட்டர். பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் வேலையைச் செய்துவிடும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. தீப்பெட்டியோ 14 வருடம் ஒரு ரூபாய்க்கே விற்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் பக்கத்து உற்பத்தியாளர்கள் மனு மேல் மனுப் போட்டார்கள். 2022ல் தமிழக முதல்வரும் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் மாதம், இறக்குமதி விலை 20 ரூபாய்க்குக் கீழுள்ள லைட்டர்களுக்குத் தடை வந்தது. பிறகு என்ன நடந்தது? லைட்டர் வருவது குறைந்தது, லைட்டரின் பாகங்கள் வருவது கூடியது! 2024 அக்டோபரில் அந்தப் பாகங்களின் இறக்குமதிக்கும் கடிவாளம் போட வேண்டியதாயிற்று. 1922, 1924. 2023, 2024. குச்சிக்குப் பதிலாக லைட்டரின் பாகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ட்ரோனைப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, இந்தியாவில் ட்ரோன் தொழில் வளராமல் போனதற்குச் சீனாவை மட்டும் குறை சொல்ல முடியாது. 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம், பொதுமக்கள் யாரும் ஆளில்லா விமானம் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்தது. விதிகள் வரும்வரை என்று சொன்னார்கள். விதிகள் நடைமுறைக்கு வந்தது 2018 டிசம்பரில். சீனாவின் ஷென்ஷென் நகரத்தில் 2006ல் தொடங்கிய டி.ஜே.ஐ. நிறுவனம் 2013ல் 'ஃபான்டம்' என்ற ட்ரோனை விட்டு உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது சரியாக அந்த வருடங்களில்தான். அவர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது நாம் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த இருட்டிலும் விளக்கேற்றி வைத்திருந்த இடங்களில் ஒன்று சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. வளாகம், அப்துல் கலாம் படித்த அதே கல்லூரி. அங்கே பேராசிரியர் கே. செந்தில்குமாரின் வழிகாட்டுதலில் மாணவர்களின் 'தக்‌ஷா' குழு ட்ரோன்களைச் செய்து பறக்கவிட்டது. 2018ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டிக்காக நடிகர் அஜித்குமார் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார் என்பதுதான் பலருக்குத் தெரிந்த செய்தி. போட்டியை விட முக்கியம், கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து சட்டகம் வரை தானே செய்யத் தெரிந்த ஒரு தலைமுறை அங்கிருந்து வெளியே வந்தது.

2021 ஆகஸ்ட் 25ஆம் தேதி வந்த ட்ரோன் விதிகள் கட்டை அவிழ்த்துவிட்டன. 25 படிவங்கள் 5 ஆயின. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆயின. அடுத்த மாதமே உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம், மூன்று வருடத்துக்கு 120 கோடி ரூபாய். நாட்டிலுள்ள எல்லா ட்ரோன் கம்பெனிகளும் சேர்ந்து 2020-21ல் செய்த மொத்த வியாபாரத்தைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அரசே சொன்னது. அதாவது மொத்த வியாபாரமே சுமார் 60 கோடி. பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் வியாபாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும், தொழில் எவ்வளவு சின்னக் குழந்தையாக இருந்தது என்று புரியும். ஊக்கத்தொகை வாங்க ஒரு நிபந்தனை உண்டு. பொருளின் மதிப்பில் குறைந்தது 40 சதவீதம் இங்கேயே கூட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கடுத்து ஐந்தே மாதத்தில் இறக்குமதித் தடை.

இரண்டாவது, ட்ரோனின் வயிற்றுக்குள் இருப்பது என்ன? சட்டகம், இறக்கை, மருந்துத் தொட்டி, தரையிறங்கும் கால்... இவற்றை இங்கே யாரும் செய்துவிடலாம். கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. மூளையாகிய கட்டுப்பாட்டுப் பலகைக்கு உலகப் பொதுவான திறந்த மென்பொருள் கிடைக்கிறது. பலகையை இங்கேயே வடிவமைக்கும் கம்பெனிகளும் வந்துவிட்டன. சிக்கல் அதற்குக் கீழே. மோட்டாரைச் சுழற்றும் காந்தம், மின்கல அறைகள், சில்லுகள், கேமராவின் கண். இவற்றுக்கெல்லாம் நூல் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் சீனாவில்தான் போய் முடிகிறது. குறிப்பாக, நியோடிமியம் என்ற அருமண் தனிமத்தில் செய்யும் வலிமையான காந்தம். உலகத்தில் செய்யப்படுவதில் பத்துக்கு ஒன்பது பங்கு சீனாவில் செய்யப்படுகிறது.

இதனால் வந்த வினை 2025 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. எல்லையில் சரக்குத் தூக்கிச் செல்ல 400 ட்ரோன்கள் வாங்குவதற்குப் போட்டிருந்த மூன்று ஒப்பந்தங்களை, சீனப் பாகங்கள் இருந்த காரணத்தால் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்தது. மதிப்பு 200 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியாவில் பூட்டியதுதான், ஆனால் வெறும் குச்சியை இறக்கி மருந்தில் முக்கிய 1922 கதையாகிவிட்டது. வயல்வெளியில் பூச்சிமருந்து அடிக்கும் ட்ரோனில் சீன மோட்டார் இருந்தால் யாருக்கும் தூக்கம் கெடாது. லடாக்கில் பறப்பதில் இருந்தால், எதிரியிடமே சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டு வாங்கிய மாதிரிதான்.

கதவு இரண்டு பக்கமும் சாத்தும் என்பதையும் மறக்கக் கூடாது. 2023 செப்டம்பர் 1 முதல் சீனாவே சிலவகை ட்ரோன்கள், அவற்றின் பாகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 2025 ஏப்ரல் 4ஆம் தேதி ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றது. அப்போது இந்திய மோட்டார் வாகனக் கம்பெனிகளே ஆடிப்போயின. ட்ரோன் கம்பெனிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தடை விழுந்த பிறகும் வெளிநாட்டு ட்ரோன் வராமல் நின்றுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. டி.ஜே.ஐ. ட்ரோனைப் பயணப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்து விமான நிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் அடிக்கடி வந்தன. கல்யாண வீடியோ எடுப்பவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அந்த விலைக்கு அந்தத் தரத்தில் கேமரா ட்ரோன் செய்ய உள்நாட்டில் ஆள் இல்லை. தடை மட்டும் இருந்து பொருள் இல்லாவிட்டால் கள்ளக்கடத்தல்தான் வளரும். ஒரு காலத்தில் பர்மா பஜார் வளர்ந்த கதை சென்னைக்காரர்களுக்குத் தெரியாததா!

அமெரிக்காவும் இதே முள்ளில்தான் காலை வைத்திருக்கிறது. அங்கே போலீஸ், தீயணைப்பு, விவசாயம் என்று எல்லோரும் டி.ஜே.ஐ.க்குப் பழகிவிட்டார்கள். 2025 டிசம்பர் 22ஆம் தேதி அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் வெளிநாட்டில் செய்த ட்ரோன்களோடு அவற்றின் முக்கியமான பாகங்களையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே அனுமதி பெற்ற மாடல்கள் பறக்கலாம், புதிய மாடலுக்கு அனுமதி இல்லை. இந்தியா 2022ல் பாகங்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. அமெரிக்கா எடுத்த எடுப்பிலேயே பாகங்களையும் தொட்டுவிட்டது. பணக்கார நாடு, செலவைத் தாங்கும். இங்கே அப்படிச் செய்திருந்தால் 60 கோடி ரூபாய்த் தொழில் அன்றைக்கே மூச்சுத் திணறிச் செத்திருக்கும். அந்த வகையில் 2022 அறிவிப்பை எழுதியவர்கள் விவரம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

ராஜபாளையத்தைச் சுற்றி நெல்லும் தென்னையும் மாந்தோப்பும். கிழக்கே போகப் போகப் பருத்தியும் மக்காச்சோளமும். 2018ல் படைப்புழு நாட்டுக்குள் வந்த பிறகு மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்காமல் விளைச்சல் இல்லை. ஆள் உயரம் வளர்ந்த சோளத்துக்குள் கைத்தெளிப்பானைச் சுமந்துகொண்டு போகிறவர் அந்த மருந்தைத்தான் சுவாசிக்கிறார். அதுவும் ஆள் கிடைத்தால். பட்டாசு ஆபீஸ் பஸ் காலையிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறதே! பத்து லிட்டர் தொட்டி வைத்த ட்ரோன் ஓர் ஏக்கரைச் சில நிமிடங்களில் முடித்துவிடும், வரப்பில் நின்றால் போதும். இதனால்தான் விவசாய ட்ரோன் என்பது இந்தப் பக்கத்தில் விளையாட்டுப் பொருள் இல்லை.

ஆனால் விலை லட்சக்கணக்கில். 2023 நவம்பரில் அறிவித்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவீத மானியம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் என்று ஒதுக்கினார்கள். மானியம் கொடுத்து வாங்கவைப்பது சுலபம். கடலை எண்ணெய்ச் செக்கோ பம்புசெட்டோ பழுதானால் ராஜபாளையத்திலேயே ஆள் இருக்கிறார், சாமான் இருக்கிறது. பூச்சி விழுந்த வாரத்தில் ட்ரோனின் மோட்டார் கருகினால்? புது மோட்டார் கூரியரில் வருவதற்குள் புழு குருத்தைத் தின்றுவிடும். உள்நாட்டு உற்பத்தி என்பதற்கு ஒரு விவசாயியின் அர்த்தம் இதுதான்: உதிரி பாகம் எத்தனை நாளில், என்ன விலைக்குக் கிடைக்கிறது?

தமிழகத்துக்கு இதில் வாய்ப்பு இல்லாமல் இல்லை. ட்ரோன் கம்பெனிகள் சென்னையைச் சுற்றி இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் மையத்துக்கு 45 கோடி ரூபாயில் திட்டம் போடப்பட்டது. எம்.ஐ.டி.யின் அனுபவத்தை வைத்து மாநில அரசு 2022ல் ஆளில்லா விமானக் கழகம் ஒன்றையே தொடங்கியது. ஆனால் 2019ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளைப் பாருங்கள்: சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. திருச்சிக்குத் தெற்கே ஒன்றுகூட இல்லை. 1936லேயே பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை எழுப்பிய ராஜபாளையம், இரண்டு பேர் கல்கத்தா போய்வந்து தொழில் நகரமாக்கிய சிவகாசி, இரண்டும் அந்த வரைபடத்துக்கு வெளியே இருக்கின்றன. சின்னச் சின்ன வேலையாகப் பிரித்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, லட்சக்கணக்கில் ஒரே மாதிரிப் பொருள் செய்யும் சாமர்த்தியம் இந்தப் பூமிக்கு உண்டு. மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுவதும் கம்பிச் சேணம் கட்டுவதும் அப்படிப்பட்ட வேலைகள்தான். இந்த முறை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு, பாலிடெக்னிக் முடித்தவர்களை வைத்துச் செய்யலாம்.

காந்தத்துக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. நியோடிமியம் அதற்குள்தான் இருக்கிறது. மத்திய அரசின் அருமணல் ஆலை அங்கே பல பத்து வருடங்களாக மணலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் மணலிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்ற அடுத்த படிகளில் நாடு பெரிய அளவில் ஏறவில்லை. மோனசைட்டோடு தோரியமும் சேர்ந்து வருவதால் கதிரியக்க அச்சம் வேறு. மேலும் மணல் எடுக்க இடம் கேட்டபோது கடலோரக் கிராமங்கள் எதிர்த்து நின்றன, அந்த மக்களின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. தீப்பெட்டிக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை போல, காந்தத்துக்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்வி அங்கே இப்போதே எழுந்துவிட்டது.

2025 நவம்பர் 26ஆம் தேதி மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வருடத்துக்கு 6,000 டன் அருமண் காந்தம் இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது இலக்கு. ட்ரோனுக்குக் கொடுத்த 120 கோடியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாகத்தின் கனம் என்ன என்பது தெரிகிறது. ஏழு வருடத் திட்டம். அதில் முதல் இரண்டு வருடம் ஆலை கட்டுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதுவரைக்கும் வெம்பக்கோட்டைச் சோளக்காட்டின் மேலே சுற்றும் மோட்டாரின் காந்தம் கப்பலேறித்தான் வர வேண்டும்.